கொரெஹிடோர் தீவின் பீரங்கித் தளங்களைப் படித்துப் பதிவு செய்வது: முழுமையான வழிகாட்டி

பிலிப்பைன்ஸில் மணிலா விரிகுடாவின் வாயில் இருக்கும் கொரெஹிடோருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள் விட்டுப்போன பீரங்கிக் குழாய்களைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எது எந்தத் தளம், எதை நோக்கிச் சுட்டது, எந்தச் சேதம் எந்த ஆண்டில் வந்தது என்று ஒன்றும் பிடிபடாது. காரணம், குழாயிலிருந்து தொடங்கியதுதான். குழாயைக் கழற்றலாம், மாற்றலாம், பழைய இரும்புக்கு விற்கலாம். கான்கிரீட் இடம் மாறுவதில்லை. அதனால் இங்கே வேலை கான்கிரீட்டில் தொடங்குகிறது, குழாய் பிறகுதான் வருகிறது.

முடிவில் உங்கள் கையில் இருக்க வேண்டியது தளத்துக்கு ஒரு பக்கம்: வகை, குழாயின் உள்விட்டம், சுடும் வீச்சு (பீரங்கி எந்தத் திசையிலிருந்து எந்தத் திசை வரை திரும்பிச் சுடும் என்பது), உள்ளறைகள், சேத அடுக்குகள். பெரிய தளங்களை மட்டும் பார்க்கவே இரண்டு முழு நாள் வேண்டும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான்கு தளங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. புறப்படும் முன் சேர்க்க வேண்டியவை

30 மீட்டர் டேப் ஒன்று, 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று. 10 செ.மீ.க்கு ஒரு கோடு வரைந்த 1 மீட்டர் குச்சி ஒன்று. எந்தப் படத்திலும் இந்தக் குச்சி இருந்தால்தான் பிறகு அளவு எடுக்க முடியும்.

ஆளுக்கு இரண்டு விளக்கு: தலையில் கட்டுவது ஒன்று, கையில் ஒன்று. தலைவிளக்கு நேர் எதிரே அடிப்பதால் பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் எழுத்தும் கீறலும் எழும்பும்.

கட்டக் காகித நோட்டு, பென்சில். வியர்வையில் பேனா மை கலைந்துவிடும். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. மழைக்காலத்தில் குழிகளில் தண்ணீர் நிற்கும், புதர் சுவரை மூடிவிடும், படகும் நிச்சயமில்லை.

காம்பஸ் கொண்டு போங்கள், ஆனால் நம்பாதீர்கள். ஏன் என்பது 6-ஆம் பகுதியில்.

2. தீவின் வடிவத்தை முதலில் மனதில் ஏற்றுவது

தீவு தலைப்பிரட்டை போல இருக்கும். உருண்டைத் தலை மேற்கே தென்சீனக் கடலைப் பார்க்கிறது, வால் கிழக்கே மணிலா பக்கம் வளைகிறது. நீளம் சுமார் 6.5 கி.மீ. தலையின் உச்சி டாப்சைடு, அதற்குக் கீழே மிடில்சைடு, ஒடுங்கிய கழுத்து பாட்டம்சைடு. கழுத்தை அடுத்து மலிந்தா குன்று, அதன் அடியில் சுரங்கம். பெரிய பீரங்கிகள் கிட்டத்தட்ட எல்லாமே தலைப்பகுதியில்தான்.

வடக்கே குறுகிய கால்வாய், அதற்கு அப்பால் பதான் தீபகற்பத்தின் மலைகள். தெற்கே அகன்ற கால்வாய், அதில் கபாலோ, எல் ஃபிரைலே, கராபாவ் தீவுகள், அப்பால் கவிட்டே கரை. மேற்கே லா மோன்ஹா என்ற பாறை. இந்தப் பெயர்களைக் கடல் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். தளத்தில் நின்று திசை எடுக்கும்போது இவைதான் அடையாளப் புள்ளிகள்.

பழைய அமெரிக்க வரைபடம் கையில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அக்காலக் கரையோரப் பீரங்கிப் படை திசைக்கோணத்தை வடக்கிலிருந்து அல்ல, தெற்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணியது. அந்தத் தாளில் 0 என்றால் தெற்கு, 90 என்றால் மேற்கு. இது தெரியாமல் வரைந்தால் கடலைப் பார்க்கும் பீரங்கி மணிலாவைப் பார்க்கும்.

3. நடக்கும் வரிசை

மோர்ட்டார் (குண்டை மேல்நோக்கி எறியும் குட்டைப் பீரங்கி) தளங்களான வே, கீரி இரண்டில் தொடங்குங்கள். பிறகு தெற்கில் கிராக்கெட், தென்மேற்கில் வீலர், மேற்கில் செனி. அங்கிருந்து ஹெர்ன், ஸ்மித். கடைசியாக வடமேற்கில் கிரப்ஸ், வடக்கில் மாரிசன்.

இந்த வரிசைக்கு இரண்டு காரணம். மோர்ட்டார் குழிகள் ஆழமானவை, நிழல் உள்ளவை. காலைச் சாய்வெளிச்சம் அவற்றின் தரைக்கு வராது. அதனால் வெளிச்சம் எப்படியும் கிடைக்காத இடத்தைக் காலையில் முடித்துவிடலாம். மேற்குச் சுவர்களின் குண்டுத் தடங்கள் மாலைச் சாய்வெளிச்சத்தில்தான் தெளிவாகத் தெரியும். இரண்டாவது காரணம் முக்கியமானது. கடலே தெரியாத மோர்ட்டார் குழியை முதலில் புரிந்துகொண்டவருக்கு மற்ற வகைகள் தாமாகவே பிடிபடும்.

4. கான்கிரீட்டை வைத்து வகையைக் கண்டுபிடிப்பது

குழாயே இல்லாத தளத்திலும் இந்தப் படி வேலை செய்யும். தளத்துக்குப் பின்புறம் 20 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தும்.

மறையும் பீரங்கித் தளம். முன்புறம் தடித்த கான்கிரீட் சுவர், அதற்கு முன்னால் மண்மேடு, பின்புறம் திறப்பு. சுவருக்குப் பின்னால் அரைவட்ட மேடை, அதன் நடுவே ஆழமான கிணறு. பீரங்கி அந்தச் சுவரின் மறைவில் தாழ்ந்திருக்கும். சுட வேண்டிய நேரத்தில் கிணற்றில் தொங்கும் எதிரெடை கீழே இறங்க, குழாய் சுவருக்கு மேலே எழும். சுட்டதும் பின்னுதைப்பு குழாயைக் கீழே தள்ளி எதிரெடையை மேலே ஏற்றிவிடும். கிணறு இருந்தால் வகையில் சந்தேகமே வேண்டாம். கிராக்கெட், வீலர், செனி மூன்றிலும் 12 அங்குலத்தில் இரண்டிரண்டு, கிரப்ஸில் 10 அங்குலத்தில் இரண்டு, மாரிசனில் 6 அங்குலத்தில் இரண்டு.

இந்தக் கிணற்றைப் பலர் தண்ணீர்த் தொட்டி என்று எழுதிவிடுகிறார்கள், மழைத்தண்ணீர் நிற்பதால். விளிம்பில் போல்ட் வட்டம், அதாவது பீரங்கியைக் கான்கிரீட்டோடு இறுக்கிய போல்ட்களின் வளையம், இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்கு போல்ட் எதற்கு?

மோர்ட்டார் குழி. மூன்று பக்கம் உயர்ந்த சுவர், ஒரு பக்கம் வழி. ஒரே குழியில் நான்கு வட்ட அடித்தளங்கள். உள்ளே நின்றால் வானம் மட்டும்தான் தெரியும். வே தளத்தில் நான்கு மோர்ட்டார், கீரி தளத்தில் எட்டு. கடல் தெரியாத இடத்தில் ஏன் பீரங்கி என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. மோர்ட்டார் குண்டை மேல்நோக்கி எறிந்து கப்பலின் மேல்தளத்தில் விழச் செய்வது. பக்கக் கவசத்தைவிட மேல்தளம் மெலிந்தது. குறி வேறு இடத்திலிருந்து எண்களாக வரும். ஆகவே குழிக்குள் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டியதில்லை, எதிரியும் குழியைப் பார்க்க முடியாது. சுற்றி எல்லாத் திசையிலும் சுமார் 13 கி.மீ. வரை சுடலாம்.

திறந்த வட்டத் தளம். சமதரையில் அகன்ற கான்கிரீட் வட்டம், முன்சுவர் கிடையாது, வெடிமருந்து அறை தனியே. ஹெர்ன், ஸ்மித் இரண்டும் இது, தளத்துக்கு 12 அங்குலத்தில் ஒன்று. சுவர் இல்லாததால் முழு வட்டம் திரும்பும். குழாயை அதிகம் உயர்த்த முடிந்ததால் சுமார் 27 கி.மீ. போகும். அதே 12 அங்குலக் குழாய் மறையும் தாங்கியில் (தாங்கி என்பது குழாயை ஏந்தி நிற்கும் இரும்புச் சட்டம்) சுமார் 15 கி.மீ. மட்டும்தான். குழாய் ஒன்றேதான், தாங்கிதான் வேறு. விமானத்திலிருந்து பார்த்தால் இது வட்டமாக வரைந்த இலக்குப் பலகை மாதிரி. அந்த விலையைக் கொடுத்துத்தான் தூரத்தை வாங்கினார்கள்.

சிறு தளங்கள். 3 அங்குலத் தளத்தில் இடுப்பளவு சுவரும் ஒரு போல்ட் வட்டமும் மட்டும். 155 மி.மீ. நகரும் பீரங்கிக்குச் சுமார் 11 மீட்டர் விட்டத்தில் ஒரு வளையமும் நடுவில் ஒரு தூணும் கட்டியிருப்பார்கள். புதருக்குள் வளைந்த கான்கிரீட் விளிம்பு காலில் தட்டினால் அதுதான். பாதி வளையம் மட்டும் கட்டிய இடங்களும் உண்டு. மீதி உடைந்துவிட்டது என்று எழுதும் முன் முனையைத் தடவிப் பாருங்கள். பலகை வைத்து வார்த்த முனை வழவழப்பாக இருக்கும்.

5. குழாயை அளப்பது

வாயில் டேப்பை வைத்து உள்விட்டத்தை மூன்று திசையில் எடுங்கள். உள்ளே திருகுவரி மேடும் பள்ளமுமாக இருக்கும். மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளக்க வேண்டும். பள்ளத்தில் வைத்தால் சில மி.மீ. கூடும், பெயின்ட் தடித்திருந்தால் குறையும். 3 அங்குலம் 76 மி.மீ., 6 அங்குலம் 152, 10 அங்குலம் 254, 12 அங்குலம் 305, 14 அங்குலம் 356. இடைப்பட்ட எண் வந்தால் மறுபடி அளக்க வேண்டும், புது வகை கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நீளத்தையும் எடுங்கள். 12 அங்குல மோர்ட்டாருக்கும் 12 அங்குல நீள்பீரங்கிக்கும் வாய் ஒன்றே. நீள்பீரங்கி 11 மீட்டரை ஒட்டி இருக்கும், மோர்ட்டார் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வாய் அளவை மட்டும் எழுதிய குறிப்பு இந்த இரண்டையும் பிரிக்காது.

வாயின் முகப்பில் எண், வார்த்த சாலை, ஆண்டு, எடை, சோதித்தவரின் முதலெழுத்துகள் பொறித்திருப்பார்கள். பெயின்டுக்கு அடியில் இருந்தாலும் கைவிளக்கைச் சாய்த்தால் படிக்கலாம். சுரண்டக் கூடாது. அங்கே காணும் ஆண்டு குழாய் செய்த ஆண்டு. தளம் கட்டிய ஆண்டு அல்ல. இந்தக் குழப்பம் பல குறிப்புகளில் இருக்கிறது.

சில தளங்களின் அருகே தாங்கி இல்லாமல் தரையில் கிடக்கும் குழாய்கள் மாற்றுக் குழாய்கள். குழாயின் உட்புறம் சுடச் சுடத் தேயும். தேய்ந்தால் மாற்ற என்று பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். குண்டு வீச்சில் தூக்கியெறியப்பட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

6. சுடும் வீச்சை அளப்பது

ஐம்பது டன் இரும்பின் பக்கத்தில் காம்பஸ் முள் எதைக் காட்டும் என்று சொல்ல முடியாது. கான்கிரீட்டுக்குள்ளும் இரும்பு இருக்கிறது. கைபேசியின் காம்பஸுக்கும் இதே கதிதான். செய்ய வேண்டியது:

முதலில் தளத்தின் மையத்தைக் கண்டுபிடியுங்கள். போல்ட் வட்டத்தின் குறுக்கே இரண்டு திசையில் டேப் இழுத்தால் அவை வெட்டும் இடம் மையம். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மரம் மூடியிருந்தால் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், எண் நிலைப்படும்.

பிறகு மையத்திலிருந்து முன்சுவரின் இடது முனை, வலது முனை இரண்டையும் பார்த்து, அந்தக் கோடு தொடுவானத்தில் எதைத் தொடுகிறது என்று எழுதுங்கள்: லா மோன்ஹாவுக்கு இடப்புறம் இரண்டு விரல் அகலம், கபாலோவின் மேற்கு முனை, இப்படி. கை நீட்டிப் பிடித்த விரல் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி. கோணத்தை வீட்டில் வரைபடத்தில் எடுத்துக்கொள்ளலாம். இது பழைய முறைதான், ஆனால் இரும்பு இதைக் கெடுக்காது.

கடலை மரம் மறைத்தால் சுவர் மேல் ஏறத் தோன்றும். ஓரம் பெயர்ந்திருக்கும், கீழே கிணறு. ஏறாதீர்கள். இரண்டு முனைகளுக்கும் மையத்திலிருந்து தூரமும், இரண்டு முனைகளுக்கு இடையே தூரமும் எடுத்தால் போதும். அந்த முக்கோணத்தை வரைந்தால் வீச்சுக் கோணம் கிடைத்துவிடும்.

7. உள்ளறைகள்

நுழையும் முன் தரையில் விளக்கடித்துக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். குண்டைத் தூக்கும் செங்குத்துப் புழைகள் மூடியில்லாமல் கிடக்கும். ஒருவர் வெளியே நிற்க வேண்டும். வௌவாலும் பாம்பும் உண்டு. உருண்டையாகவோ உருளையாகவோ துருப்பிடித்த எதையும் தொடாதீர்கள், தரையைக் கிளறாதீர்கள். வெடிக்காத குண்டுக்கு வயது ஒரு பொருட்டல்ல.

குண்டு அறையும் வெடிமருந்து அறையும் தனித்தனி. கூரையில் தண்டவாளம் போல ஓடும் இரும்புப் பட்டை குண்டு அறைக்கு அடையாளம். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள குண்டைக் கப்பியில் தொங்கவிட்டுத் தள்ளிப் போவதற்கு அது. மருந்து அறைக்கு ஈரம் ஆகாது. அதனால் காற்றுப் புழைகளும், வெளிச்சுவரிலிருந்து விலகிய உட்சுவரும் தேடுங்கள். சுவரில் ஆள் தலையளவு மாடம் இருந்தால் அது டெலிபோன் வைத்த இடமாக இருக்கலாம், குழாய் வந்த துளையைக் கண்டால் உறுதி.

அறைகளை நடந்த வரிசையிலேயே எண்ணிட்டு, எண்ணை எழுதிய தாளை முதலில் படம் எடுத்துவிட்டு அறையைப் படம் எடுங்கள். இருட்டறைப் படங்கள் எல்லாம் வீட்டுக்கு வந்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

8. சேதத்தை அடுக்கு அடுக்காகப் பிரிப்பது

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். சுவரில் காண்பதெல்லாம் போர்த் தழும்பு அல்ல. பின்னால் வந்ததை முதலில் கழித்துவிட்டு முன்னோக்கிப் போங்கள்.

முதலில் கழிக்க வேண்டியது துரு. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் மேல்காறை பெயரும். கம்பியின் போக்கிலேயே நேர்கோடாகப் பெயர்ந்து, பழுப்பு ஒழுகியிருந்தால் அது கடற்காற்றின் வேலை.

அடுத்தது பழைய இரும்புக்காரர்களின் கேஸ் வெட்டு. போருக்குப் பின் தாங்கிகளையும் கதவுகளையும் வெட்டி எடுத்தார்கள். விளிம்பு நேராக, வரிவரியாக, ஓரத்தில் உருகிய மணிகளோடு இருக்கும். குண்டு கிழித்த இரும்பு முறுக்கிக்கொண்டு உதடு பிதுங்கி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பார்த்தால் மறுபடி குழம்ப மாட்டீர்கள்.

மீதி இரண்டு அடுக்கு, இரண்டாம் உலகப் போரில் தீவு ஜப்பானியர் கைக்குப் போன 1942, அமெரிக்கர்கள் அதை மீட்ட 1945. 1942 ஏப்ரல் 9-இல் பதான் விழுந்த பிறகு ஜப்பானிய ஹோவிட்சர்கள் (குண்டை உயர வீசி மேலிருந்து விழச் செய்யும் பீரங்கிகள்) அங்கிருந்து அடித்தன. தெற்கே கவிட்டேயிலிருந்தும் பிப்ரவரி முதலே பீரங்கி பேசியது. ஆகவே வடக்கிலிருந்து செங்குத்தாக விழுந்த பெரிய பள்ளங்கள், மேடையின் உட்புறத்தில் விழுந்த அடிகள் பெரும்பாலும் அந்த ஆண்டின் கணக்கு. முன்சுவர் கடலைப் பார்த்து நிற்க, குண்டு முதுகுப்புறம் வழியாக இறங்கியது.

1945-இல் அமெரிக்கர்கள் திரும்பி வந்தபோது வான்குண்டும் கப்பல் பீரங்கியும் மறுபடி அடித்தன. பிப்ரவரி 16-ஆம் தேதி 503-ஆம் பாராசூட் படைப்பிரிவு டாப்சைடில் குதித்தது. கதவு, சன்னல், படிக்கட்டு வளைவுகளைச் சுற்றி அடர்ந்து கிடக்கும் சிறு துப்பாக்கிக் குழிகள், உள்ளறைகளில் கரி படிந்த கூரை, இவற்றை முதலில் அந்தப் போரோடு பொருத்திப் பாருங்கள். உறுதியில்லை என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். கேள்விக்குறி உள்ள குறிப்பு பிறருக்கும் பயன்படும்.

கீரி தளத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். 1942 மே 2-இல் ஜப்பானிய 240 மி.மீ. குண்டு மருந்து அறையைத் துளைத்து உள்ளே வெடித்தது. மோர்ட்டார்கள் பறந்தன, ஒன்று சுமார் 140 மீட்டர் தள்ளிப் பழைய கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. இந்தத் தளத்தில் குழாய் கிடக்கும் இடத்தை வைத்து அடித்தளத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். போல்ட் வட்டங்களை மட்டும் நம்புங்கள். கான்கிரீட் பாளங்கள் கிடக்கும் திசையைக் குறித்தால் வெடிப்பு எந்த அறையில் தொடங்கியது என்பதும் தெரியும்.

9. தளத்துக்கு வெளியே உள்ள பாதி

பீரங்கி மட்டும் இருந்தால் துறைமுகக் காவல் ஆகாது. கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்ல உயரத்தில் சிறு கான்கிரீட் கூண்டுகள் இருந்தன, முன்னால் கிடைமட்டமான குறுகிய பிளவோடு. இரண்டு கூண்டுகள் ஒரே கப்பலைப் பார்த்தால் முக்கோணம் கிடைக்கும். ஒரே கூண்டிலிருந்து கணக்கிட, கடல்மட்டத்துக்கு மேல் தன் உயரத்தையும் கப்பல் தெரியும் இறக்கக் கோணத்தையும் எடுத்தார்கள். அலையேற்றம் கூடினால் அந்த உயரம் மாறும், தூரமும் தவறும். அதனால் கடல்மட்டமும் கணக்கில் சேர்ந்தது.

கூண்டைக் கண்டால் அதன் பிளவின் திசையை 6-ஆம் பகுதி முறைப்படி எடுங்கள். எந்தத் தளத்தின் வீச்சோடு பொருந்துகிறதோ அதன் கண் அது என்று கருதலாம். தேடுவிளக்கு அறைகள் கீழே கடலை ஒட்டியே இருக்கும், பாதை மோசம். நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

10. மற்ற மூன்று தீவுகள்

எல் ஃபிரைலேயில் இருப்பது டிரம் கோட்டை. பாறையைச் செதுக்கித் தள்ளிவிட்டு 107 மீட்டர் நீளத்தில் கான்கிரீட்டில் வார்த்த கப்பல் வடிவம். மேலே இரண்டு கவசக் கோபுரம், கோபுரத்துக்கு இரண்டு 14 அங்குலக் குழாய். மேல்தளம் மட்டும் 6 மீட்டர் கனம். இறங்குவது ஆபத்து. படகிலிருந்து சுற்றிப் பாருங்கள், நான்கு பக்கமும் படம் எடுங்கள், பக்கச் சுவரில் 6 அங்குலத் தளங்களின் வாய்களை எண்ணுங்கள். கபாலோவுக்கும் கராபாவுக்கும் அனுமதி இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

11. வீட்டில் செய்வது

திரும்பிய அன்றே, ஞாபகம் ஆறும் முன், எல்லாத் தளத்தின் வீச்சையும் ஒரே கடல் வரைபடத்தில் வரையுங்கள். மறையும் பீரங்கிகளுக்குச் சிவப்பு, மோர்ட்டாருக்குப் பச்சை வட்டம், ஹெர்ன், ஸ்மித் இரண்டுக்கும் நீல வட்டம். சிவப்பு விசிறிகள் பெரும்பாலும் கடலையும் கால்வாய்களையும்தான் மூடும். பதான் மலைகள் மேல் நன்றாகப் படிவது பச்சையும் நீலமும். பதான் முனையில் இறங்கிய எதிரியை அடிக்க 1942 ஜனவரி 26-இல் கீரியின் மோர்ட்டார்களை ஏன் அழைத்தார்கள் என்பது இதிலேயே தெரியும்.

ஆனால் எட்டும் என்பதும் பயன்படும் என்பதும் வேறு. கிடங்கில் இருந்தவை பெரும்பாலும் கப்பல் கவசத்தைத் துளைக்கச் செய்த குண்டுகள். மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்து பிறகு வெடிக்கும், ஆட்களுக்குச் சேதம் குறைவு. சிங்கப்பூரின் 15 அங்குலப் பீரங்கிகளைப் பற்றி அவை தவறான பக்கம் பார்த்தன என்று இன்றும் சொல்கிறார்கள். அங்கும் ஜொகூர் தளத்தின் குழாய்கள் நிலத்தை நோக்கித் திரும்பின, சுடவும் செய்தன. தட்டுப்பாடு குண்டு வகையில்தான். ஆகவே உங்கள் பக்கத்தில் வீச்சு என்ற வரிக்குக் கீழே குண்டு வகை என்று இன்னொரு வரி சேருங்கள். குண்டு அறையில் எழுத்தோ அடுக்குத் தடமோ கிடைத்திருந்தால் அங்கே எழுதுங்கள், இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

ஏதாவது ஒரு சிவப்பு விசிறி தீவின் வாலையோ மணிலாவையோ பார்த்து விழுந்தால், அளவு தவறு என்று முடிவு செய்யும் முன் எடுத்த தாளில் 0 எந்தத் திசை என்று ஒரு தடவை பாருங்கள்.